பாறை நாட்டின் தண்ணீர்க் கணக்கு

சேலத்திலிருந்து வரும் பேருந்து தொப்பூர் கணவாயில் முக்கி முனகி ஏறி, நல்லம்பள்ளியைக் கடந்து, தருமபுரிக்கு இன்னும் ஏழெட்டு கிலோமீட்டர் இருக்கும்போது அதியமான்கோட்டையைத் தொடும். காலபைரவர் கோயிலுக்கு வந்தவர்கள் இறங்குவார்கள். பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூருக்குப் போகும் சாலை இங்கேதான் பிரிகிறது. தகடூரை ஆண்ட அதியமான்களின் கோட்டை இந்த இடத்தில் இருந்தது என்பார்கள். அதைத் தேடி வருகிறவர்களுக்குக் கண்ணில் பெரிதாக எதுவும் அகப்படாது. நமக்கு வேண்டியதும் மண்ணுக்கு மேலே இல்லை. இந்தப் பக்கத்துப் பழைய கிணறு ஒன்றை எட்டிப் பார்த்தால் போதும். மேலே கொஞ்சம் செம்மண். அதற்குக் கீழே கடப்பாறைக்கு நெகிழ்ந்து கொடுக்கும் சிதைந்த பாறை. அதற்கும் கீழே வெடி வைத்தாலொழிய அசையாத கல்.

தருமபுரி மாவட்டத்தின் அடித்தளத்தில் பெரும்பகுதி சார்னோக்கைட்டும் நைஸும். கல்கத்தாவில் இருக்கும் கும்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து 1893ல் சார்னோக்கைட் என்ற பெயரைச் சூட்டினார். அந்தக் கல் போனது சென்னைப் பரங்கிமலைப் பக்கத்திலிருந்து. பாறை நம்முடையது, பெயர் மட்டும் கும்பெனிக்காரருடையது. வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகள். ஆற்று மணலைப் போலத் தண்ணீரை உள்வாங்கிக்கொள்ளும் துளைகள் இதில் கிடையாது. மேலே சிதைந்து நெகிழ்ந்த அடுக்கிலும், அடியில் ஆங்காங்கே ஓடும் வெடிப்புகளிலும் தங்குவதுதான் இங்குள்ள நிலத்தடி நீர் மொத்தமும்.

அது எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாவட்டத்தின் ஆண்டு மழை சராசரியாக 850 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கிறது. நிலத்தடி நீரை மதிப்பிட 1997ல் இந்திய அரசு வகுத்த நெறிமுறை, சார்னோக்கைட் வகைப் பாறை நிலத்தில் மழையின் 5 சதவீதம் கீழே இறங்குவதாக வைத்துக்கொள்ளச் சொல்கிறது. ஆக, சுமார் 42 மில்லிமீட்டர். களிமண் கலந்த சிதைந்த பாறை தன் கன அளவில் 1.5 சதவீதம் நீரைத்தான் கிணற்றுக்கு விட்டுக்கொடுக்கும் என்கிறது அதே நெறிமுறை. 42 மில்லிமீட்டர் நீர் அந்த அடுக்கில் நிரம்பினால் கிணற்று நீர்மட்டம் 2.8 மீட்டர், அதாவது ஒன்பது அடி உயரும். ஒரு வருஷத்து மழை கொடுக்கும் சேமிப்பு அந்த ஒன்பது அடிதான். இதைத் தலைகீழாகவும் படிக்கலாம். வருஷத்துக்கு வெறும் 20 மில்லிமீட்டரை யாராவது கூடுதலாக உறிஞ்சிவிட்டால் கிணற்றில் நாலடிக்கு மேல் போய்விடும். ஆற்றுப் படுகை ஊர்களில் யாரும் பொருட்படுத்தாத அளவு அது. இந்தப் பாறை நாட்டில் அதுவே கிணறு ஊறுவதற்கும் வற்றுவதற்கும் உள்ள வித்தியாசம். மரங்களைப் பற்றிப் பேசும்போது இந்தச் சின்ன எண்ணை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஏனென்றால் மரத்தைப் பற்றி நம்மிடம் ஒரு பெரிய நம்பிக்கை இருக்கிறது. மரம் வளர்த்தால் மழை வரும் என்று தொப்பூர் கணவாயில் இறங்கும் லாரிகளின் முதுகில்கூட எழுதியிருக்கும். இது லாரிக்காரர்கள் கண்டுபிடித்ததல்ல. மதராஸ் மாகாணத்தில் மருத்துவராக இருந்த எட்வர்ட் பால்ஃபோர், மரங்கள் மழையை வரவழைப்பதையும் ஈரத்தைக் காப்பதையும் பற்றி 1849லேயே மதராஸிலிருந்து வெளிவந்த ஓர் இதழில் விரிவாக எழுதினார். மாகாணத்தில் வனத்துறை பிறந்தது 1856ல்தான். காட்டைக் காக்க வேண்டும் என்ற வாதத்துக்கு அந்தக் கருத்து பெரிய பலமாக இருந்தது. அமேசானைப் போலக் கண்டத்தின் பெரும்பரப்பை மூடிக்கிடக்கும் காடுகள் மழையின் போக்கை மாற்றுகின்றன என்பது உண்மை. ஆனால் கடலிலிருந்து வரும் பருவமழை, நல்லம்பள்ளி வட்டத்தில் எத்தனை கன்று நட்டிருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் பெய்வதில்லை. உள்ளூர் அளவில் மரத்துக்கும் நீருக்கும் உள்ள உறவு பெரும்பாலும் மழை தரையைத் தொட்ட பிறகு நடப்பது.

அங்கே மரம் இரண்டு வேலை செய்கிறது. இரண்டும் எதிரெதிர் வேலைகள்.

முதலாவது, குடிப்பது. இலைத்துளைகள் கரியமில வாயுவுக்காகத் திறக்கும்போதெல்லாம் நீராவி வெளியேறுகிறது. இதில் நல்ல மரம், கெட்ட மரம் என்று கிடையாது. ஆலமரமும் குடிக்கும், தைலமரமும் குடிக்கும். போதாததற்கு, இலைத்தொகுதியில் தங்கி நனைத்த மழையில் ஒரு பங்கு தரைக்கே வராமல் காய்ந்து போகும். பொதுவாக மரம் புல்லைவிட அதிகம் குடிக்கும், ஏனென்றால் அதன் வேர் ஆழம், இலைப்பரப்பு அதிகம், பசுமையாக இருக்கும் நாட்களும் அதிகம்.

இரண்டாவது, மண்ணைத் திறந்து வைப்பது. தொப்பூர், பென்னாகரம் பக்கத்துக் காப்புக்காடுகளில் காலை வைத்தால் இது புரியும். இவை மழைக்காடுகள் அல்ல, இலையுதிர்க் காடுகளும் முள்காடுகளும்தான். உசிலை, வெக்காலி, ஆச்சா, பொரசு, கருங்காலி, ஓடைக்கரைகளில் நீர்மருது, சரிவுகளில் நெல்லி. கோடையில் போகிறவருக்குக் காடு செத்துக் கிடப்பது போலத் தெரியும். உதிர்ந்த சருகு கணுக்காலை மூடும். அந்தச் சருகுக்கு அடியில் கறையானும் மண்புழுவும் எறும்பும் பல்லாண்டுகளாகத் துளைத்த வழிகள், செத்த வேர்கள் மக்கிவிட்டுப் போன குழாய்கள். மொட்டைமாடியில் விரித்துப் போட்ட கோணிச் சாக்கு போல அந்த மண் பாறையின் மேல் கிடக்கிறது. சித்திரை வைகாசியில் இடியோடு கொட்டும் மழையைச் சாக்கு வாங்கிக்கொள்ளும், சாக்கு இல்லாத இடத்தில் தண்ணீர் வழிந்தோடிவிடும். ஆடுமாடு மிதித்து இறுகிய புறம்போக்கில் அரை மணி நேர மழைக்கே செந்நீர் வாரிக்கொண்டு ஓடுவதைப் பார்க்கலாம். அங்கே ஈரம் ஒரு சாண்கூட இறங்கியிருக்காது.

இலையுதிர்ப்பதை வறட்சியின் அடையாளமாகவே நாம் பார்க்கிறோம். தண்ணீர்க் கணக்கில் அது பெரிய வரவு. மாசி, பங்குனியில் காடு இலையைக் கழற்றிவிட்டால் இலைத்துளையும் இல்லை, குடிப்பதும் பெரும்பாலும் நின்றுபோகிறது. கிணறுகள் மிகவும் தாழ்ந்திருக்கும் மாதங்களில் இந்தக் காடு பெருமளவு வாயை மூடிக்கொள்கிறது. பல்லாயிரம் ஆண்டுகளாக 850 மில்லிமீட்டரில் குடித்தனம் நடத்தப் பழகிய மரங்களின் தந்திரம் அது.

ஒரு சின்ன விலகல். இந்த ஊர்க்காரனான அதியமான் நெடுமான் அஞ்சி ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதை எல்லோருக்கும் தெரியும். அவனுடைய முன்னோர் கரும்பை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள் என்று புறநானூற்றில் ஔவையே சொல்வது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வறண்ட சரிவில் தானாக முளைத்து இலையுதிர்த்து வாழும் நெல்லி ஒருபக்கம், வெளியிலிருந்து வந்து வருஷம் முழுக்கத் தண்ணீர் கேட்கும் கரும்பு இன்னொரு பக்கம். இரண்டுமே ஒரே குடும்பத்தின் கொடை. தகடூரின் நீர்ச் சிக்கல் அவ்வளவு பழையது என்று விளையாட்டாகச் சொல்லலாம்.

சரி, குடிப்பதும் திறந்து வைப்பதும் எதிரெதிர் என்றால் நிகரமாக எது மிஞ்சுகிறது? இதை வாதத்தால் தீர்க்க முடியாது, அளந்துதான் பார்க்க வேண்டும். அதற்கு நீரியலாளர்களிடம் ஓர் எளிய முறை இருக்கிறது. பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரியான இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளைத் தேர்ந்து, இரண்டின் வாயிலும் ஓடையை அளக்கும் தடுப்பைக் கட்டி, சில ஆண்டுகள் சும்மா அளப்பார்கள். இரண்டும் எப்படி ஒத்துப் போகின்றன என்று தெரிந்தபின் ஒன்றை மட்டும் மாற்றுவார்கள். தமிழ்நாட்டில் அப்படி ஒரு சோதனை நீலகிரியில் க்ளென்மார்கனில் நடந்தது. உதகையிலுள்ள மத்திய மண் மற்றும் நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம், சுமார் 32 ஹெக்டேர் கொண்ட இரண்டு நீர்ப்பிடிப்புகளை 1968லிருந்து அளந்தது. இரண்டிலும் புல்வெளி, மடிப்புகளில் சோலை, அடியில் சதுப்பு. 1972ல் ஒன்றில் மட்டும் 59 சதவீதப் பரப்பில் நீலகிரித் தைலமரம் நடப்பட்டது. சோலையையும் சதுப்பையும் தொடவில்லை, புல்வெளியில் மட்டும் நட்டார்கள்.

முதல் பத்தாண்டுச் சுழற்சியில் ஆண்டு நீர்வரத்து சராசரியாக 16 சதவீதம் குறைந்தது. மரங்களை வெட்டியபின் அடிக்கட்டையிலிருந்து துளிர்த்த இரண்டாம் சுழற்சியில் குறைவு 25 சதவீதத்தைத் தாண்டியது. இது பலருக்கு எதிர்பாராத செய்தி. கன்று என்றால் வேர் ஊன்றச் சில ஆண்டுகள் ஆகும். கட்டையிலிருந்து துளிர்ப்பதற்கோ கீழே வேர்க்கூட்டம் தயாராகவே இருக்கிறது, முதல் நாளிலிருந்தே குடிக்கத் தொடங்குகிறது. அதைவிட முக்கியமான எண் கோடைக்குரியது. வறண்ட மாதங்களின் மெல்லிய ஓட்டத்தைக் காட்டும் குறியீடு முதல் சுழற்சியில் பாதியாகவும், இரண்டாம் சுழற்சியில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்காகவும் சரிந்தது. மழைக்காலத்தில் ஓடையில் கொஞ்சம் குறைந்தால் யாருக்கும் தெரியாது. பங்குனியில் குறைந்தால்தான் ஊர் பேசும்.

இந்தச் சோதனையைக் காட்டி, காடு தண்ணீரைக் கெடுக்கும் என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தவறான வாசிப்பு. க்ளென்மார்கனில் ஒப்பிடப்பட்டது புல்வெளியும் தைலத் தோப்பும். இரண்டு பக்கமும் இருந்த சோலை அப்படியேதான் இருந்தது. காட்டை வெட்டிவிட்டுத் தைலம் நட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதில் விடை கிடையாது. குளிர்ந்த மலைமேல் கிடைத்த முடிவை வெயில் காயும் சமவெளிக்கு அப்படியே இறக்கவும் முடியாது.

சமவெளிக்கு விடை கிடைத்தது கர்நாடகத்தில். பிரிட்டனின் நீரியல் நிறுவனத்தைச் சேர்ந்த இயன் கால்டரும் அவருடைய குழுவினரும், கர்நாடக வனத்துறையோடும் பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்தோடும் சேர்ந்து 1980களின் பிற்பகுதியில் தொடங்கிய ஆய்வு அது. தைலமரத்துக்கு எதிராகக் கர்நாடக விவசாயிகள் கொதித்துக்கொண்டிருந்த காலம். துமகூரு பக்கத்தில் கன்றுகளைப் பிடுங்கிப் போட்ட போராட்டங்கள்கூட நடந்தன. ஒருபக்கம், இந்த மரம் நிலத்தடி நீரையெல்லாம் உறிஞ்சிவிடும் என்ற கோபம். மறுபக்கம், அதெல்லாம் வெறும் புரளி என்ற அதிகார பதில். கால்டர் குழு மரத்தண்டில் கனநீரைச் செலுத்தி அது மேலேறும் வேகத்தைக் கொண்டு ஒவ்வொரு மரமும் எவ்வளவு குடிக்கிறது என்று அளந்தது. மண்ணில் ஆழக் குழாய் இறக்கி, நியூட்ரான் கருவியால் ஒவ்வோர் ஆழத்திலும் ஈரத்தைப் பார்த்தது.

இரண்டு பக்கத்தாருக்கும் பாதி வெற்றிதான் கிடைத்தது. ஷிமோகா பக்கத்தில் தேவபாலில், மண் ஆழம் குறைந்த இடத்தில், தைலத் தோப்பு குடித்ததும் அருகிலிருந்த இலையுதிர்க் காடு குடித்ததும் ஏறக்குறைய ஒன்றுதான். பெய்த மழையை இரண்டுமே கிட்டத்தட்ட முழுசாகப் பயன்படுத்திக்கொண்டன. கீழே பாறை இருக்கும்போது இல்லாத தண்ணீரை எந்த மரத்தாலும் குடிக்க முடியாது. பெங்களூரை அடுத்த ஹொசகோட்டேயில் கதை வேறு. அங்கே செம்மண் ஆழமானது. வறட்சியான மூன்று ஆண்டுகளில் பெய்த மழை 2,100 மில்லிமீட்டர். தைலமரம் குடித்ததோ 3,400 மில்லிமீட்டர். மிச்ச 1,300 எங்கிருந்து வந்தது? ஆழமான மண்ணடுக்கில் எத்தனையோ ஆண்டுகளாகச் சேர்ந்து கிடந்த ஈரத்திலிருந்து. வேர் கீழே கீழே போய், வேறெந்தப் பயிரும் எட்டாத சேமிப்பைக் கரைத்திருக்கிறது. அதிகாரிகள் புரளி என்றதை விவசாயிகள் தங்கள் கிணற்றில் சரியாகவே பார்த்திருந்தார்கள்.

ஹொசகோட்டே, ஓசூரைத் தாண்டிச் சற்றுத் தொலைவுதான். மழையும் மண்ணின் நிறமும் நம்முடையவற்றை ஒத்தவை. அதியமான்கோட்டைப் பக்கத்தில் ஒரே ஊருக்குள்ளேயே இரண்டு வகை நிலமும் இருக்கும். மேட்டுக்கொல்லையில் ஒரு முழத்தில் பாறை தட்டும், பள்ளத்தில் செம்மண் பல அடி இறங்கும். மேட்டில் நட்ட தைலமரம் தானும் காயும், பெரிய தீங்கும் செய்யாது. பள்ளத்தில் நட்டால்தான் ஆபத்து. நாம் எங்கே நடுகிறோம்? மரம் நன்றாக வரும் என்று பள்ளத்தில்.

உலகம் முழுக்க இதே திசையில்தான் சான்றுகள் குவிந்திருக்கின்றன. 2005ல் சயன்ஸ் இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு, புல்லும் புதரும் இருந்த இடத்தில் தோப்பு வளர்த்தபோது ஓடை நீர் சராசரியாகப் பாதிக்கு மேல் குறைந்ததையும், 13 சதவீத ஓடைகள் குறைந்தது ஓர் ஆண்டாவது முற்றிலும் வற்றியதையும் காட்டியது. தென்னாப்பிரிக்கா இதைச் சட்டத்திலேயே எழுதிவிட்டது. 1998ம் ஆண்டின் தேசிய நீர்ச் சட்டப்படி வணிகத் தோப்பு வளர்ப்பது ஓடை நீரைக் குறைக்கும் செயல், அதற்கு உரிமம் வேண்டும். போர் போட அனுமதி கேட்பதைப் போலத் தோப்பு போடவும் அனுமதி. கர்நாடகம் 2017ல் தைலமரம் நடுவதற்கே தடை போட்டது.

தடை போடுவது சுலபம். ஏன் நட்டார்கள் என்று கேட்பதுதான் கஷ்டம். காவிரிக் கரையில் பள்ளிபாளையத்திலும் புகளூரிலும் காகித ஆலைகள் இருக்கின்றன, கூழ்மரத்துக்கு வாங்குவோர் உண்டு. பையன்கள் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போய்விட்ட வீட்டில் களை எடுக்கவும் காவல் காக்கவும் ஆள் கிடையாது. சாமையும் கேழ்வரகும் மழையை நம்பி, விலையையும் நம்பி நிற்கின்றன. தைலத்தை ஆடு கடிக்காது, பன்றி தோண்டாது, ஐந்தாறு வருஷத்தில் காசு. பக்கத்துக் கிணறு இறங்குவது அந்தக் கணக்கில் வருவதில்லை. வாங்கும் ஆலையின் விலையிலும் வருவதில்லை. ஆகவே நட்டவரைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

தைலத்தை மட்டும் வில்லனாக்குவதும் சரியில்லை. 1980களில் ஸ்வீடன் உதவியோடு நடந்த சமூகக் காடுகள் திட்டத்தில் ஏரி உட்பரப்புகளில் வரிசை வரிசையாகக் கருவேலம் நட்டோம். நாட்டு மரம்தான், விறகுக்கும் உதவியது. ஆனால் நீர் தேங்க வேண்டிய இடத்தில் நின்று, தேங்கிய நீரையே குடித்தது. சீமைக்கருவேலத்தைப் பற்றி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவு போடும் அளவுக்குப் பேசியாயிற்று. தேக்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதன் அகன்ற இலையில் மழைத்துளிகள் ஒன்றுசேர்ந்து பெருந்துளியாக விழும். தேக்கின் கீழ் விழும் துளிகளின் தாக்கும் ஆற்றல், ஒருவகைப் பைன் மரத்தின் கீழ் விழுவதைப் போல ஒன்பது மடங்கு வரை போகலாம் என்று கால்டர் குழுவே அளந்தது. அடியில் சருகும் புல்லும் இருந்தால் பரவாயில்லை. கோடையில் தீ வைத்து அதையும் எரித்துவிட்டால், தேக்குத் தோப்பின் தரை கட்டாந்தரையைவிட மோசமாக அரித்துப் போகும். குடையாக நிற்கும் என்று நினைத்த மரம் தரையைக் குத்திக் கிளறுகிறது.

அப்படியானால் தோப்புக்கும் காட்டுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு எங்கே? வடகன்னட மாவட்டத்தில் ஜெகதீஷ் கிருஷ்ணசாமி, மைக் போனல், வெங்கடேஷ் முதலானோர் செய்து 2013ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல விளக்கம். இயற்கைக் காடு, சீரழிந்த காடு, சீரழிந்த நிலத்தில் நட்ட அக்கேசியாத் தோப்பு ஆகியவற்றை அவர்கள் ஒப்பிட்டார்கள். அங்கே மழை நம்மைப் போலப் பல மடங்கு. ஆனாலும் கேள்வி ஒன்றுதான். தோப்பு நட்டபின் மண் ஓரளவு திறந்துகொள்கிறது, மேலோட்டமாக ஓடும் வெள்ளம் குறைகிறது. அப்படி உள்ளே இறங்கிய நீரைத் தோப்பே குடித்துவிடுவதால் நிலத்தடிக்குப் போகும் பங்கு இயற்கைக் காட்டின் கீழ் இருப்பதைவிடக் குறைவு. குடிப்பது உடனே தொடங்கிவிடுகிறது. மண் பழைய நிலைக்குத் திரும்பப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. காட்டிடம் அந்தப் பத்தாண்டுகள் ஏற்கெனவே கைவசம் இருக்கின்றன. ஐந்தாறு வருஷத்தில் வெட்டும் தோப்பு ஒருநாளும் அதை எட்டாது.

இதுவரை எழுதியதைப் படித்தவர் மரமே வேண்டாம் என்ற முடிவுக்கு வந்தால் அதற்கு ஒரு மறுமொழி மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறது. புர்கினா ஃபாசோவில் சபோனே என்ற ஊர்ப் பக்கம், மானாவாரிக் கொல்லைகளுக்கு நடுவே ஷியா மரங்கள் தள்ளித் தள்ளி நிற்கும். கம்பும் சோளமும் விளையும் நிலம், நீண்ட கோடை, மழை நம்முடையதோடு ஒப்பிடத்தக்கது. உல்ரிக் இல்ஸ்டெட் தலைமையிலான குழு அங்கே அளந்து 2016ல் வெளியிட்ட முடிவு: மரமே இல்லாத நிலத்தைவிடவும், அடர்ந்து மூடிய நிலத்தைவிடவும், இடைப்பட்ட அளவில் மரம் நிற்கும் நிலத்தில்தான் நிலத்தடிக்கு அதிக நீர் போகிறது. மரம் இல்லாத வெளியில் மண் இறுகி மழை வழிந்தோடுகிறது. ஒவ்வொரு மரமும் தன் நிழலைத் தாண்டி வெகுதூரம் வரை வேராலும் மண்ணுயிர்களாலும் மண்ணைத் திறந்து வைக்கிறது, ஆனால் தான் நிற்கும் இடத்தில்தான் குடிக்கிறது. மரங்கள் நெருங்க நெருங்க, திறப்பதில் கிடைக்கும் கூடுதல் ஆதாயம் குறைந்து, குடிப்பது மட்டும் ஏறிக்கொண்டே போகிறது.

அந்தக் கட்டுரையின் படங்களைப் பார்த்தபோது எனக்குப் பாப்பாரப்பட்டிச் சாலையும் பென்னாகரம் சாலையும்தான் கண்ணில் வந்தன. சாமைக் கொல்லையில், கொள்ளுக் காட்டில், வரப்போரம் தள்ளித் தள்ளி நிற்கும் புளியமரங்கள். தருமபுரிப் புளி சந்தைக்குப் பேர்போனது. மரம் பாட்டன் வைத்தது, உலுக்குவது பேரன். ஷியாவில் கிடைத்த எண்ணைப் புளிக்கு ஒட்ட முடியாது. புளி கோடையிலும் முழுசாக இலை கழற்றாத மரம். ஆனால் அமைப்பு அதேதான். நடுவே மரம், சுற்றிலும் பயிர், கீழே உழுது இளகிய மண். தண்ணீருக்காக யாரும் திட்டம் போட்டு இதை அமைக்கவில்லை. புளிக்கும் நிழலுக்கும் வைத்தார்கள், கூடவே நீரும் இறங்கியிருக்க வேண்டும். சாலை அகலப்படுத்தும்போது சாய்க்கப்படும் ஒவ்வொரு புளியமரத்துக்கும் ஈடாகப் பத்துக் கன்று நடுகிறோம் என்கிறார்கள். பத்தையும் ஒரே மூலையில் நெருக்கி நட்டால் அது ஈடாகாது.

தண்ணீர் எவ்வளவு என்பதோடு முடிகிற விஷயமும் இல்லை இது. தருமபுரிக்காரர்களுக்குப் பல்லில் பழுப்புக் கறை எப்படி வந்தது என்று சொல்லத் தேவையில்லை. இந்தப் பாறையிலுள்ள கருமைக்கா, ஹார்ன்பிளெண்டு, அப்படைட் போன்ற கனிமங்களில் ஃபுளோரைடு இருக்கிறது. நீர் பாறையோடு நீண்ட காலம் உறவாடினால் அது கரைந்து வரும். மேலடுக்கில் ஆண்டுதோறும் புதுமழை இறங்கிக் கலந்துகொண்டிருந்தால் செறிவு தணியும். மேலடுக்கு வற்றி, போரை 800 அடி, 1,000 அடி என்று இறக்கும்போது, வெடிப்புகளில் நெடுங்காலம் ஊறிக் கிடந்த நீரைத்தான் மேலே இழுக்கிறோம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு கூடாது என்பது இந்திய வரையறை. அதைத் தாண்டிய ஊர்கள் ஏராளம் என்பதால்தான் ஜப்பான் கடனுதவியோடு 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013ல் தொடங்கி வைக்கப்பட்டது. காவிரி இப்போது குழாயில் வருகிறது. குடிக்கும் நீருக்குச் சரி. ஆட்டுக்கும் மாட்டுக்கும் கொல்லைக்கும் அதே கிணறுதான், அதே ஒன்பது அடிதான்.

தமிழ்நாட்டின் வன, மரப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்துவோம் என்று 2022 செப்டம்பரில் பசுமைத் தமிழகம் இயக்கம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டர் காவிரித் தெற்குக் காட்டுயிர் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நீர் என்ற ஒரே கண்ணாடியில் பார்த்தால் என் மதிப்பில் இரண்டாவதுதான் பெரிய காரியம். இருக்கும் காட்டில் மண் ஏற்கெனவே உருவாகி நிற்கிறது, அதைக் கெடுக்காமல் விட்டாலே போதும். முதலாவதில் எல்லாம் இடத்தைப் பொறுத்தது. தொப்பூர் மலைச் சரிவுகளைப் போன்ற இடங்களில் நடுவதைவிட, மேய்ச்சலையும் தீயையும் சில ஆண்டுகள் தள்ளி வைத்தால் பழைய வேர்க்கட்டைகளே துளிர்க்கும். உண்ணிச்செடியை மட்டும் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கொல்லைகளில் வரப்போரம் புளி, புங்கன், வேம்பு என்று தள்ளித் தள்ளி வைக்கலாம். ஏரி உள்ளே ஒரு மரமும் வேண்டாம், கரையில் பனை போதும். ஆழ்மண் பள்ளங்களில் எப்போதும் பசுமையாக நிற்கும் தோப்பு வேண்டவே வேண்டாம். கன்றுகளின் எண்ணிக்கையைக் கொண்டு இலக்கு வைக்கும்போது இந்த வேறுபாடுகள் எல்லாம் ஒரே எண்ணுக்குள் காணாமல் போகின்றன.

இருக்கும் தைலத் தோப்பை எடுத்துவிட்டால் கிணறு திரும்புமா என்று கேட்பவர்கள் உண்டு. வெட்டினால் போதாது, வேர்க்கட்டையை எடுக்க வேண்டும், இல்லையென்றால் க்ளென்மார்கனின் இரண்டாம் சுழற்சி கதைதான். எடுத்தாலும் அடுத்த ஐப்பசியில் கிணற்றை எட்டிப் பார்த்து ஏமாற வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் மொக்கொபுலான் என்ற இடத்தில் 1969ல் புல்வெளி நீர்ப்பிடிப்பு ஒன்றில் தைலமரம் நட்டார்கள். ஒன்பதாம் ஆண்டில் ஓடை முற்றிலும் நின்றது. பதினாறாம் ஆண்டில் மரங்களை மொத்தமாக வெட்டினார்கள். ஓடை வற்றாமல் ஓடத் தொடங்க அதன்பின் ஐந்து ஆண்டுகள் ஆயின. காரணம் ஹொசகோட்டேயின் கணக்கிலேயே இருக்கிறது. மூன்று வருஷத்தில் மழைக்கு மேல் குடித்த 1,300 மில்லிமீட்டர் ஆழ்மண்ணில் விட்டுச் சென்ற வறட்சி முதலில் நிரம்ப வேண்டும், அதற்குப் பிறகுதான் ஒரு சொட்டு கீழே பாறைக்குப் போகும். வருஷத்துக்கு 42 மில்லிமீட்டர் இறங்கும் நிலத்தில் அது முப்பது வருஷத்து வரவு. தோப்பை எடுத்த கையோடு கொல்லையைத் திறந்து வைத்து, வரப்பை உயர்த்தி, ஓடிப்போகும் மழையை நிறுத்தினால் அந்தக் காலம் குறையும். எத்தனை வருஷம் குறையும் என்பது அந்தக் கொல்லையில் செம்மண் எத்தனை அடி இறங்குகிறது என்பதைப் பொறுத்தது. அதை அறிய மண்ணைத் தோண்டிப் பார்க்க வேண்டும். கிணறு வெட்டிய காலத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் அந்த ஆழம் தெரிந்திருந்தது.